எட்டாவது ஸ்டட்

அவருக்குப் பத்து நிமிஷத்தார் என்று பட்டப்பேர் வந்து இருபத்தைந்து வருஷம் இருக்கும். எந்த வண்டி பட்டறைக்குள் நுழைந்தாலும், என்ன கோளாறாக இருந்தாலும், ஓட்டி வந்தவர் வாயைத் திறப்பதற்குள் "பத்து நிமிஷம் உக்காருங்க, முடிச்சிடலாம்" என்று சொல்லிவிடுவார். இளவயதில் அது பாதி உண்மையாகவும் இருந்தது. ஆனால் கடந்த பன்னிரண்டு வருஷமாக அந்தப் பேச்சே அவரிடம் கிடையாது. பிரேக் ஒயர் மாற்றக்கூட ஒரு பொழுது எடுத்துக்கொள்கிறார். ஒவ்வொரு நட்டையும் மூன்று முறை தொட்டுப் பார்க்கிறார். வண்டியை வெளியே விட்ட பிறகும் பின்னாலேயே நாலடி நடந்து காதைக் கொடுத்துக் கேட்கிறார். "பத்து நிமிஷத்தார்கிட்ட விட்டா பத்து நாள் ஆகும்" என்று ஊரில் சிரிக்கிறார்கள். ஏன் இப்படி ஆனார் என்று யாரும் கேட்டதில்லை. வயசாகிவிட்டது என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள், அவரும் அப்படியே விட்டுவிட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சின்ன வெள்ளைக் கார் ஒன்று இன்னொரு வண்டியின் பின்னால் கயிறு கட்டி இழுத்துவரப்பட்டு, பட்டறை வாசலில் நின்றது. நம்பர் பிளேட்டைப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. இடது பக்க விளக்கின் ஓரத்தில் நகம் அளவுக்குப் பெயர்ந்திருந்த கண்ணாடியைப் பார்த்ததுமே அவருக்கு எந்தக் கார் என்று தெரிந்துவிட்டது. கையில் இருந்த ஸ்பேனரை எங்கே வைத்தோம் என்று அப்புறம் அரைமணி நேரம் தேடினார்.

காரிலிருந்து முப்பது வயது மதிக்கத்தக்க பெண் இறங்கினாள். மூக்குக்கண்ணாடி விற்கிற கடையில் வேலை பார்ப்பவள். கடையின் பேர் தைத்த சட்டையோடேயே வந்திருந்தாள். கையில் பழுப்பேறிய ஒரு ரசீது இருந்தது.

"நீங்கதானே அண்ணா பத்து நிமிஷம்? இந்த ரசீது டேஷ்போர்டுக்குள்ள இருந்துச்சு. எங்கப்பா வண்டி. கணக்கு வாத்தியார். உங்களுக்கு ஞாபகம் இருக்குமான்னு தெரியல."

"இருக்கும்மா" என்றார்.

"பன்னெண்டு வருஷமா ஷெட்டுல கிடந்துச்சு. அம்மா விக்கவும் விடல, தொடவும் விடல. போன மாசம் நான்தான் சண்டை போட்டு வெளிய எடுத்தேன். பேட்டரி, டயர் எல்லாம் மாத்தியாச்சு, வண்டி ஸ்டார்ட் ஆகுது. ஆனா டிராக்டர் மாதிரி சத்தம். உள்ள புகை நாத்தம் வேற. வேற ஒரு ஒர்க்‌ஷாப்புல குடுத்தேன். அவங்க ஏதோ ஸ்டட்டாம், கழட்டும்போதே ரெண்டு உடைஞ்சிருச்சாம். இன்ஜின வெளிய இறக்கினாத்தான் ஆகும்னு சொல்லிட்டாங்க. இறக்காம முடியுமா?"

"முடியும். நாளாகும்."

"ஆகட்டும் அண்ணா. அவசரமே இல்ல." அவள் ஓரத்தில் கிடந்த மர பெஞ்சைப் பார்த்தாள். "அன்னைக்கு நான் இதே பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். மத்தியானம் எனக்குப் பரீட்சை. சீக்கிரம் சீக்கிரம்னு உங்க உயிரை எடுத்தேன்."

அவள் போன பிறகு காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பிறகு பட்டறைக் கதவைப் பாதி சாத்திவிட்டு அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்தார். அன்றைக்கு நடந்ததை அவர் மறந்திருந்தால்தானே நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்ஜினுக்குள் எரிந்த புகை வெளியே வருகிற முதல் வாசல் மேனிஃபோல்டு என்கிற வார்ப்பிரும்புக் குழாய். அதை இன்ஜினோடு சேர்த்துப் பிடித்திருப்பவை எட்டு ஸ்டட்டுகள். ஸ்டட் என்பது தலை இல்லாத போல்ட் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு முனை இன்ஜினுக்குள் முறுக்கியிருக்கும், மறுமுனையில் நட்டுப் போட்டு இறுக்க வேண்டும். வருஷக்கணக்கில் சூட்டில் வெந்து வெந்து, தொட்டால் ஒடிகிற பதத்துக்கு வந்திருக்கும். அன்று இரண்டுக்கும் நடுவில் புகை கசியாமல் அடைக்கிற கேஸ்கட் தகட்டை மாற்றிவிட்டுத் திரும்ப இறுக்கும்போது எட்டாவது ஸ்டட் ஒடிந்தது. அதுதான் கடைசி. கண்ணுக்குத் தெரியாத இடம், ஓட்டுகிறவர் காலுக்கு முன்னால் இருக்கிற தகட்டுச் சுவரை ஒட்டி, கை மட்டும் நுழையும் சந்து. ஒடிந்த துண்டை எடுக்க முழுதாக ஒரு நாள் வேண்டும். பெஞ்சில் ஒரு பெண் பிள்ளை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வாத்தியார் பக்கத்தில் நின்று "ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்கிறார்.

"ஒண்ணும் இல்ல சார், பத்து நிமிஷம்" என்றார் இவர்.

ஒரு பழைய ஸ்டட்டிலிருந்து விரற்கடை நீளத் துண்டு வெட்டி, அதில் நட்டைப் போட்டு, சைலன்சர் ஓட்டை அடைக்கிற பசையை அப்பி, அந்தத் துளையில் செருகினார். வெளியிலிருந்து பார்த்தால் எட்டும் எட்டாக இருந்தது. எட்டாவது எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, அவ்வளவுதான். அடுத்த வாரம் வரச்சொல்லி ஒழுங்காகச் செய்துவிடலாம் என்று நினைத்தார். சொல்லத்தான் மறந்துவிட்டார்.

வாத்தியார் சொல்லாமலேயே இரண்டு வாரத்தில் வந்தார். "காலையில ஸ்டார்ட் பண்ணினதும் டிக் டிக்னு ஒரு சத்தம் வருது. சூடானதும் நின்னுடுது" என்றார். மேனிஃபோல்டு இடைவெளியில் புகை கசிந்தால் அப்படித்தான் கேட்கும். சூட்டில் இரும்பு விரிந்ததும் இடைவெளி மூடிக்கொள்ளும், சத்தம் அடங்கும், கசிவு மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். இது பத்து நிமிஷத்தாருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அன்று பட்டறை நிறைய வண்டிகள். "அது வால்வு பக்கத்துச் சத்தம் சார். பழைய இன்ஜின்னா அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கணக்கு வாத்தியார் தலையாட்டிவிட்டுப் போனார். தனக்குத் தெரியாத தொழிலில் அடுத்தவர் சொல்வதை நம்புகிற மனிதர்.

ஒரு மாதம் கழித்து, மழை பெய்த ஒரு சனிக்கிழமை மதியம், பள்ளிக்கூட மைதானத்துச் சுவரோரம் நின்ற காருக்குள் வாத்தியார் செத்துக் கிடந்தார். ஜன்னல்கள் மூடியிருந்தன. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. புகை நெஞ்சில் ஏறிய சாவு என்று டாக்டர் எழுதினார். போலீஸ்காரர்கள் மெக்கானிக் என்று இவரைத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். இவர் குனிந்து சைலன்சரைப் பார்த்தார், அதில் ஓட்டை இல்லை. பானெட்டைத் திறந்து பார்த்தார். எட்டு நட்டுகள் வரிசையாக இருந்தன. எட்டாவதைத் தொடவில்லை.

"வண்டியில குறை இருக்கா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"ஒண்ணும் இல்ல சார்."

காரின் பின்பக்கம் சுவரோடு ஒட்டி நின்றது. புகை திரும்பி உள்ளே வரட்டும் என்றுதான் அப்படி நிறுத்தியிருக்கிறார் என்றார் இன்ஸ்பெக்டர். "கணக்கு வாத்தியார் இல்லையா, கணக்குப் போட்டுத்தான் நிறுத்தியிருக்கார்" என்றார் ஒரு போலீஸ்காரர். வாத்தியார் தானே உயிரை விட்டார் என்று காகிதத்தில் ஏறியது. ஊரும் அப்படியே நம்பியது.

அன்றிலிருந்து இவர் காதில் அந்தச் சத்தம் குடியேறிவிட்டது. காலையில் தெருவில் எந்த வண்டி உயிர்பெற்றாலும் டிக் டிக் என்கிறது. பக்கத்து வீட்டு ஸ்கூட்டர், பால்காரரின் வண்டி, ஏன், இவர் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைக்கூட மனைவியிடம் சொல்லிக் கழற்றச் செய்துவிட்டார். "கடிகாரம் என்ன பாவம் பண்ணிச்சு?" என்று அவள் கேட்டாள்.

மறுநாள் காலை, இன்ஜின் நன்றாக ஆறிக் கிடக்கும்போது, பானெட்டைத் திறந்துவைத்துச் சாவியைத் திருப்பினார். உடைந்த இரண்டு ஸ்டட்டுகளின் பக்கமிருந்து பெரிய இரைச்சல். அதற்கு அடியில், தனியாக, நிதானமாக, அது கேட்டது. டிக், டிக், டிக். பன்னிரண்டு வருஷமாகப் பொய்யாகக் கேட்டுக்கொண்டிருந்தது இப்போது நிஜமாகக் கேட்டது. கையைச் சந்துக்குள் விட்டு எட்டாவது நட்டின் அருகே உள்ளங்கையை வைத்தார். சின்னச் சின்னதாக மூச்சு பட்டது. தூங்குகிறவர் மூக்கருகே கை வைத்துப் பார்ப்பது போலவே இருந்தது. கையை இழுத்துக்கொண்டு இன்ஜினை நிறுத்தினார். நிறுத்திய பிறகும் கையில் அந்த மூச்சு கொஞ்ச நேரம் இருந்தது. அவருக்குப் பயமாக இருந்தது, இந்த வயதில், பட்டப்பகலில்.

பத்து மணிக்கு வெல்டிங்காரர் வந்தார். இவருடைய தங்கையின் புருஷன். பக்கத்தில்தான் அவர் பட்டறை. உடைந்த ஸ்டட்டின் முனையில் நட்டைப் பற்றவைத்துத் திருப்புவதற்கு இவர்தான் கூப்பிட்டிருந்தார். வெல்டிங்காரருக்குக் கை பாட்டுக்கு வேலை செய்யும், வாய் பாட்டுக்கு ஓடும்.

"என்ன மச்சான், முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு? தங்கச்சி வீட்டுக்காரன் வந்தா காபி குடுக்கணும்னு பயமா?"

"வேலையப் பாரு மாப்ள."

முதலில் மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டும். இரண்டு ஸ்டட் உடைந்தாயிற்று. இவர் மற்ற ஐந்து நட்டுகளையும் எண்ணெய் விட்டு, ஊறவைத்து, ஒவ்வொன்றாக எடுத்தார். ஐந்தாவது நட்டு கையோடு வந்ததும் மேனிஃபோல்டு மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிடித்து இழுத்தால் அப்படியே கையில் வந்துவிட்டது.

வெல்டிங்காரர் எட்டிப் பார்த்தார். "இரு இரு. எட்டாவது நட்டு இன்னும் மேலயே இருக்கு. அதக் கழட்டாமலே எப்படி வந்துச்சு?"

வெல்டிங்காரர் மேனிஃபோல்டைத் திருப்பி, எட்டாவது துளையை விரலால் குத்தினார். நட்டோடு சேர்ந்து ஒரு துண்டு பொலபொலவென்று உதிர்ந்த பசையோடு தரையில் விழுந்தது.

"அடப்பாவி! வெறும் பசையில நிக்கவெச்சிருக்கான்" என்று சிரித்தார் வெல்டிங்காரர். "எவனோ நல்லா காதுல பூ சுத்தியிருக்கான் மச்சான். இவனையெல்லாம்..." என்று நிமிர்ந்தவர் இவர் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "மச்சான்?"

"நான்தான்."

வெல்டிங்காரருக்கு அந்தக் காரின் கதை தெரியும், ஊருக்கே தெரியும். அவர் கையுறையைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"அங்க பாரு" என்றார் இவர்.

வைப்பருக்குக் கீழே இருந்த தட்டை முந்தின நாளே கழற்றிவைத்திருந்தார். எட்டாவது துளையிலிருந்து ஒரு கரிக்கோடு கிளம்பி, தகட்டுச் சுவரில் ஏறி, முன்கண்ணாடிக்குக் கீழே, காருக்குள் காற்றை இழுக்கிற வாய்க்குள் போயிருந்தது. இரண்டு விரல் அகலம். யாரோ மையில் விரலைத் தோய்த்து வழி காட்டியது போல அவ்வளவு தெளிவாக இருந்தது.

வெல்டிங்காரர் அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மச்சான், நான் சொல்றதக் கேளு. ஏற்கெனவே ரெண்டு உடைஞ்சிருக்கு. அந்த ஒர்க்‌ஷாப்காரங்க உடைச்சது மூணுன்னு சொல்லிடு. பெட்ரோல்ல துணிய நனைச்சு அதத் துடைச்சிடு. ரெண்டு நிமிஷ வேலை. செத்தவர் திரும்பி வரப்போறாரா? என் பொண்டாட்டிக்கு நீ ஒரே அண்ணன்."

இவர் துணியைப் பெட்ரோலில் நனைத்தார். கரிக்கோட்டின் அடி முனையில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். ஒரு சாண் நீளத்துக்கு இரும்பு பளிச்சென்று வெளுத்தது. அவ்வளவு சுலபமாகப் போகும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பன்னிரண்டு வருஷம் அழியாமல் இருந்தது ஒரே தேய்ப்பில் போகிறதே. துணியைக் கீழே போட்டார்.

"முதல்ல அந்த ரெண்டையும் எடுப்போம்" என்றார்.

எடுத்தார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனைகளில் வெல்டிங்காரர் நட்டைப் பற்றவைத்தார். செக்கச்சிவந்து மங்கும்போது இவர் மெழுகுவர்த்தியை வைத்து உருக்கினார். மெழுகு ஸ்டட்டின் திருகு மரைக்குள் ஊறி இறங்கியது. பிறகு ஸ்பேனரைப் போட்டு, முதலில் அவிழ்க்காமல், ஒரு மயிரிழை இறுக்கினார். உள்ளே கெட்டிப்பட்டிருக்கும் துரு அப்படித்தான் விடும். கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி இறுக்கி, கோபப்படாமல் கால்மணி நேரம் கெஞ்ச வேண்டும். இரண்டும் முழுசாக வந்தன.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் கண்ணாடிக்கடைப் பெண் வந்தாள். வெல்டிங்காரர் சட்டென்று எழுந்து "சாப்பிட்டு வரேன்" என்று போய்விட்டார். போகும்போது கீழே கிடந்த துணியை இவர் பக்கம் காலால் தள்ளிவிட்டுப் போனார்.

"எப்படிப் போகுது அண்ணா?"

"ரெண்டு வந்துடுச்சு. இன்னும் ஒண்ணு இருக்கு."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். "உங்கள ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு போலீஸ் கூட்டிட்டுப் போனது உங்களத்தானே? வண்டியில குறை ஒண்ணும் இல்லன்னு நீங்கதான் பாத்துச் சொன்னீங்கன்னு அம்மா சொல்லுவாங்க."

"ஆமா."

"எனக்கு இன்னும் மனசு ஆறல அண்ணா. அவர் எப்பவுமே பின்பக்கமாத்தான் நிறுத்துவார், கிளம்பறப்ப வசதின்னு. கடைக்குப் போனாலும் அப்படித்தான். எதிர் வீட்டுல கட்டட வேலை நடந்துச்சு, ஒரே இரைச்சல். அதனாலதான் பேப்பர் திருத்த கார எடுத்துட்டுப் போனார். இருபத்திமூணு பேப்பர் திருத்தியிருந்தார். இருபத்திநாலாவதுல ஒரு கணக்குல பாதி வரைக்கும் டிக் போட்டிருந்தார். பாதிக் கணக்குல எழுந்து போற ஆளா அவர்? சோறு ஆறினாலும் கணக்க முடிச்சுட்டுத்தான் வருவார்."

இவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஆனா ஒரு மாசமா தலைவலி, தலைவலின்னார். பேச்சு குறைஞ்சு போச்சு. கண்ணாடி மாத்தினோம், அப்பவும் நிக்கல. செத்ததுக்கு அப்புறம் எல்லாரும் சொன்னாங்க, மனசுல எதையோ வெச்சுட்டு வெளிய சொல்லாம இருந்திருக்கார்னு. அம்மா அதையே பிடிச்சுக்கிட்டாங்க. ஒரு வார்த்தை எழுதி வெச்சிருக்கக் கூடாதா, நான் என்ன தப்பு பண்ணினேன்னு சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதான்னு. அவர் புத்தகம் ஒவ்வொண்ணையும் பக்கம் பக்கமா உதறிப் பாத்தாங்க. சட்டைப் பை, செருப்புப் பெட்டி, எல்லாம். இன்னும் தேடுறாங்க அண்ணா. போன வாரம்கூட அலமாரிக்கு விரிச்ச பேப்பருக்கு அடியில பாத்துட்டிருந்தாங்க."

தலைவலி. இதை அவர் இதுவரை கேள்விப்பட்டதில்லை. வாத்தியார் ஒரே ஒரு மதியத்தில் சாகவில்லை. பள்ளிக்கூடம் போகும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் புகையைக் குடித்துக்கொண்டு போயிருக்கிறார். அந்தத் தலைவலிக்கு இந்த வீட்டார் கண்ணாடி மாற்றியிருக்கிறார்கள்.

"வண்டியில குறை ஒண்ணும் இல்லதானே அண்ணா?" என்று அவள் கேட்டாள். குரலில் சந்தேகம் இல்லை. இல்லை என்று இன்னொரு தடவை கேட்டுவிட்டால் விட்டுவிடலாம் என்கிற களைப்புதான் இருந்தது.

சொல்லியிருக்க வேண்டும். "இன்னும் முழுசா கழட்டலம்மா" என்றார். அவள் தலையாட்டிவிட்டு எழுந்தாள். அப்பாவைப் போலவே தலையாட்டினாள்.

எட்டாவதில் நட்டைப் பற்றவைக்க முடியாது. துண்டு துளைக்கு உள்ளேயே ஒடிந்திருந்தது, வெல்டிங் கம்பியும் அங்கே நுழையாது. மட்கார்டின் மேல் மெத்தையைப் போட்டு, வயிற்றை அழுத்திக் குப்புறப் படுத்து, ஒரு கையில் பல் டாக்டர் ஒருவர் கொடுத்த குட்டிக் கண்ணாடியும் மறு கையில் சின்ன டிரில்லுமாக வேலை செய்ய வேண்டும். கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும். கை போகிற பக்கம் வேறு, கண் சொல்கிற பக்கம் வேறு. முதலில் துண்டின் நட்டநடுவில் ஒரு புள்ளி குத்த வேண்டும். புள்ளி விலகினால் டிரில் விலகும், இன்ஜினையே துளைத்துவிடும். அந்தப் புள்ளிக்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஆனது.

கண்ணாடியை அசைக்கும்போதெல்லாம் அதில் ஒரு கண் தெரிந்து மறைந்தது. தன் கண்தான் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் திடுக்கென்றது. பின்னால் யாரோ நின்று, "ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்பது போல இருந்தது. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். பெஞ்ச் காலியாக இருந்தது.

"இருக்கு சார்" என்றார் மூன்றாவது தடவை, திரும்பாமலேயே.

இடப்பக்கமாகச் சுற்றுகிற டிரில் பிட்டை மாட்டி, அழுத்தாமல், பிட்டின் கனத்துக்கே விட்டுத் துளைத்தார். கை மரத்தது, நிறுத்தினார். எண்ணெய் விட்டார். மறுபடி துளைத்தார். சாயங்காலம் நாலரை மணிக்கு பிட் உள்ளே எதையோ கவ்வியது. துண்டு அசைந்தது. அரைச் சுற்று, ஒரு சுற்று, பிறகு பிட்டோடு சேர்ந்து மெல்லச் சுழன்று வெளியே வந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. சூடாக இருந்தது. ஒரு கடலைப் பருப்பு அளவுகூட இல்லை. ஒழுங்காகச் செய்திருந்தால் அன்றைக்கே ஒரு பகல் வேலை. அந்தப் பெண் ஆட்டோவில் பரீட்சைக்குப் போயிருக்கும்.

தன் பட்டறைக் கதவைச் சாத்த வந்த வெல்டிங்காரர் கரிக்கோடு அப்படியே இருப்பதைப் பார்த்தார். இவர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மச்சான், எங்க கிளம்பற?"

"அவங்க வீட்டுக்கு."

"புத்தி கெட்டுப் போச்சா? உள்ள தள்ளிடுவாங்க. பட்டறை போயிடும்."

"போகட்டும். நீ இதத் துடைக்காத மாப்ள. உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

வெல்டிங்காரர் கொஞ்சம் நின்றார். பிறகு அந்தத் துணியை எடுத்து, காரின் மேல் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு போய்க் குப்பையில் போட்டார்.

வாத்தியார் வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. முன்னறையில் மேசை, நாலு நாற்காலி, சுவர் முழுக்கப் புத்தக அலமாரி. எதிர்ச் சுவரில் படம் மாட்ட அடித்த ஆணி மட்டும் இருந்தது, படம் இல்லை. கண்ணாடிக்கடைப் பெண் கதவைத் திறந்தாள். அவள் அம்மா மேசையருகே உட்கார்ந்து செல்போனில் யாருக்கோ மின்கட்டணத் தேதி சொல்லிக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும், முதுகு நிமிர்ந்த பெண்மணி. இவரைப் பார்த்ததும் போனை மேசையில் வைத்தார்.

"உக்காருங்க தம்பி. வண்டிக்கு என்ன?"

இவர் உட்காரவில்லை. பையிலிருந்து இரண்டு துண்டுகளையும் எடுத்து மேசையில் வைத்தார், நட்டோடு இருந்த பொய்த் துண்டையும் உள்ளே ஒடிந்து கிடந்த நிஜத் துண்டையும். பிறகு ஆரம்பத்திலிருந்து சொன்னார். பசை வைத்து ஒட்டியதைச் சொன்னார். டிக் டிக் சத்தத்தை வால்வுச் சத்தம் என்று சொன்னதைச் சொன்னார். போலீஸ் கேட்டபோது எட்டாவதைத் தொடாமலே குறை இல்லை என்றதைச் சொன்னார். கரிக்கோடு எங்கே போய் முடிகிறது என்பதைச் சொன்னார். "தலைவலி அதனாலதாம்மா. மனசுல ஒண்ணும் இல்ல. அவருக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது" என்றார்.

மகள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "நான்தான் சீக்கிரம் சீக்கிரம்னு சொன்னேன்" என்றாள்.

"இல்லம்மா. அவசரம்தான் உன்னுது. பொய் என்னோடது."

அம்மா அந்தச் சின்னத் துண்டை விரலால் உருட்டினார். "அப்ப, பேப்பர் திருத்திக்கிட்டே தூங்கிட்டாரா?"

"ஆமாம்மா. தூங்கிட்டார்."

"பன்னெண்டு வருஷம்" என்றார் அவர், மெதுவாக, யாரையும் பார்க்காமல். "பன்னெண்டு வருஷமா நான் அவர்கிட்ட பேசல. படத்தக் கழட்டி உள்ள வெச்சேன். திதி, தேதி ஒண்ணும் பாக்கல. சொல்லாமப் போனவருக்கு என்ன பேச்சுன்னு இருந்தேன்." பிறகு இவரைப் பார்த்தார். "நீ அன்னைக்கே சொல்லியிருந்தா நான் அழுதிருப்பேன். அவ்வளவுதானே? அழ விடலயே நீ."

இவர் நின்றுகொண்டே இருந்தார்.

"நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்குப் போகணும்" என்றாள் மகள்.

"நானும் வரேம்மா. வண்டிய அப்படியே வெச்சிருக்கேன். எதையும் துடைக்கல." ஒரு நொடி நிறுத்தினார். "ஒரு சாண் துடைச்சேன். அதையும் சொல்லிடறேன்."

அம்மா எழுந்து அலமாரியிலிருந்து ஒரு கோடு போட்ட தாளும் பேனாவும் எடுத்துவந்து இவர் முன் வைத்தார்.

"எழுது. இப்ப சொன்னத எல்லாம் எழுது. போலீசுக்கு வேற எழுதிக்கலாம். இது எனக்கு."

இவர் நாற்காலியில் உட்கார்ந்து எழுதினார். ரசீது எழுதிப் பழகிய கை, பெரிதாக எழுதத் தெரியாது. எழுத்துகள் கோட்டுக்கு மேலும் கீழுமாகப் போயின. 'சார் மேல தப்பு இல்ல, அவர் வேணும்னு பண்ணல' என்று முடித்துக் கையெழுத்துப் போட்டார். அம்மா தாளை வாங்கி, ஒவ்வொரு வரியாக, விரலை வைத்து வாசித்தார். பன்னிரண்டு வருஷமாகப் புத்தகங்களை உதறித் தேடிய தாள் இப்போதுதான் கைக்குக் கிடைத்தது போல வாசித்தார்.

"தேதி போடல" என்றார்.

"இன்னைக்கு..."

"இன்னைக்கு இல்ல. பசை வெச்சு ஒட்டினியே, அந்தத் தேதி போடு."

அவர் யோசிக்கவே இல்லை. கேட்டவுடன் எழுதினார், நாள், மாதம், வருஷம், கிழமைகூட.

அம்மா தாளை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இவர் எழுந்தார். மகள் வாசல் வரை வந்தாள், போங்க என்றும் சொல்லவில்லை, இருங்க என்றும் சொல்லவில்லை. அப்போது உள்ளேயிருந்து பேச்சுக் குரல் கேட்டது. தாழ்ந்த குரல், இடையிடையே நின்று, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, வீட்டில் எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளிடம் பேசுகிற அன்றாடக் குரல்.

"அம்மா போன் பேசுறாங்களா?" என்று கேட்டார் இவர்.

மகள் திரும்பிப் பார்த்தாள். போன் மேசை மேல்தான் இருந்தது.